யார் போவது? இரண்டு அறிக்கைகளும் ஒரு படிவமும்

அக்கா நியூ ஜெர்சியிலிருந்து போன் பண்ணினாள். சின்னவனுக்கு 18 முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 'செலக்டிவ் சர்வீஸ் சிஸ்டம்' என்ற அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, உடனே பதிவு செய் என்கிறது. "டேய், இது மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறதாமே. பேரைக் கொடுத்துட்டா நாளைக்கு சண்டைன்னு கூப்பிட மாட்டாங்களா?" பின்னாலிருந்து அத்தான் குரல்: "ஒண்ணும் இல்லைப்பா, சும்மா ஒரு ஃபார்ம். போடலைன்னாதான் சிட்டிசன்ஷிப்ல மாட்டிக்கும்."

பையன் போனை வாங்கிக்கொண்டான். "மாமா, அம்மா பயங்கரம்ங்கறாங்க, அப்பா சும்மாங்கறாரு. ரெண்டும் எப்படி சரியா இருக்க முடியும்? நீங்கதான் இந்த மாதிரி பழைய ரிப்போர்ட் எல்லாம் படிப்பீங்களே, படிச்சுட்டு சொல்லுங்க."

படித்தேன். நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேல் கோட் எழுதுகிறவன். இந்தக் குறிப்பை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள் பதிவு செய்ய வேண்டும். குடிமக்கள் மட்டுமில்லை, க்ரீன் கார்டு உள்ளவர்களும், ஏன், எந்த ஆவணமும் இல்லாமல் அங்கே வாழ்பவர்களும்கூட. ஆனால் எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் முறையாக இருப்பவர்களுக்கு இது கிடையாது. அக்கா வீட்டில் இதனால் ஒரு வேடிக்கை. குடும்பத்துக்கு க்ரீன் கார்டு வந்தபோது பெரியவனுக்கு 21 தாண்டிவிட்டதால் அவன் பட்டியலிலிருந்து கழன்று எஃப்1 விசாவில் நிற்கிறான். அவனுக்கு ராணுவப் பதிவு இல்லை. சின்னவன் அதிர்ஷ்டக்காரன், கார்டு கிடைத்தது, கூடவே பதிவும். ஒரே வீடு, ஒரே ரத்தம், இரண்டு விதி.

பதியாவிட்டால் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். நடைமுறையில் 1986-க்குப் பிறகு இதற்காக யார் மீதும் வழக்கு இல்லை. ஆனால் மத்திய அரசு வேலை கிடைக்காது. குடியுரிமை கேட்கும்போது, வயது 31 ஆவதற்குள் விண்ணப்பித்தால், தெரிந்தே பதியாமல் விட்டாயா என்ற கேள்வி வரும். ஆக அத்தான் சொன்னது நடைமுறைக்குச் சரி. அக்கா சொன்னது சரியா என்பதுதான் கேள்வி. அதற்குப் பழைய காகிதங்களுக்குப் போக வேண்டும்.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதிகள் இந்த விஷயத்தில் இரண்டு பெரிய குழுக்களை அமைத்தார்கள். ஒன்று ஜான்சன் 1966-ல் அமைத்த பர்க் மார்ஷல் குழு. இன்னொன்று நிக்சன் 1969-ல் அமைத்த தாமஸ் கேட்ஸ் குழு. முதல் அறிக்கை 1967-ல் வந்தது. அதன் தலைப்பிலேயே கேள்வி இருக்கிறது: எல்லோரும் சேவை செய்யாதபோது யார் செய்வது? இரண்டாவது 1970 பிப்ரவரியில் வந்தது. அது அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டு, கட்டாயம் எதற்கு என்று கேட்டது. சரித்திரத்தில் ஜெயித்தது இரண்டாவதுதான். நான் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்ததில், ஜெயித்த அறிக்கை கடைசியில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது, அந்த ஓட்டை வழியாகத்தான் சின்னவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

மார்ஷல் குழுவின் காலத்தில் ஆள் எடுத்தவை உள்ளூர் வாரியங்கள். நாடு முழுக்க நாலாயிரம் இருந்தன. யாரை அனுப்புவது, யாரை விடுவது என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்தார்கள். ஒரு வாரியம் விட்டவனை இன்னொரு வாரியம் எடுத்தது. வாரிய உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 1.3 சதவீதம்தான் என்று குழுவே கணக்குக் கொடுக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் ஒத்திவைப்பு உண்டு. கல்லூரிக்குப் போக வீட்டில் வசதி வேண்டும். மீதியை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் துணை ஜனாதிபதியாகி இராக் போரை முன்நின்று நடத்திய டிக் செனி அந்தக் காலத்தில் ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கியவர். அதே சமயம், 1966-ல் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா தேர்வு மதிப்பெண் வரம்பைக் குறைத்து, முன்பு தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர்கள் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் ராணுவத்தில் சேர வழி செய்தார். மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு.

இதற்குத் தீர்வாக மார்ஷல் குழு சொன்னது பொறியாளருக்குப் பிடிக்கிற மாதிரி இருக்கும்: மாணவர் ஒத்திவைப்பை நிறுத்து, நாடு முழுக்க ஒரே விதி வை, பிறகு குலுக்கல் போடு. பாராளுமன்றம் அதே வருஷம் இதற்கு நேர் எதிராகச் சட்டம் போட்டது. பட்டப்படிப்பு ஒத்திவைப்பு தொடரும், எங்களைக் கேட்காமல் குலுக்கல் கூடாது என்று. யாருடைய பிள்ளைகள் கல்லூரியில் இருந்தார்கள் என்று ஊகிக்கலாம்.

குலுக்கல் கடைசியில் 1969 டிசம்பர் 1 அன்று நடந்தது. இந்தக் கதையை நான் பல வருஷம் ஆபீசில் புதுப் பசங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையோடு. 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களுக்கு அந்த வரிசைதான் தலையெழுத்து. முதலில் வந்தது செப்டம்பர் 14. கடைசியாக, 366-வது எண்ணாக வந்தது ஜூன் 8. அந்தக் குலுக்கலில் 195-வது எண் வரை கூப்பிட்டார்கள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், கலக்கியதில். ஜனவரிக் குப்பிகளை ஒரு பெட்டியில் போட்டு ஓரமாகத் தள்ளினார்கள். பிப்ரவரியைப் போட்டு ஜனவரியோடு சேர்த்தார்கள். பிறகு மார்ச். இப்படியே டிசம்பர் வரை. ஆக ஜனவரி பல தடவை கலந்தது, டிசம்பர் ஒரே தடவை. பிறகு ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி எடுத்தார்கள். எல்லாம் சரியாகக் கலந்திருந்தால் ஒவ்வொரு மாதத்தின் சராசரி எண்ணும் 183.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜனவரிக்கு 201.2 வந்தது, டிசம்பருக்கு 121.5. டிசம்பரின் 31 நாளில் ஐந்தே நாள்தான் 195-ஐத் தாண்டித் தப்பித்தன. நியாயமாக 14 நாளாவது தப்பியிருக்க வேண்டும். புள்ளியியலாளர் ஸ்டீபன் ஃபைன்பெர்க் 1971-ல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பிரித்து மேய்ந்து எழுதினார். அதற்குள், 1970 ஜூலைக் குலுக்கலில், தேதிக்கு ஒரு உருளை, எண்ணுக்கு ஒரு உருளை என்று இரண்டாக்கி சரிசெய்துவிட்டார்கள்.

ஒரே தேதியில் பிறந்தவர்களுக்குள் யார் முதல் என்பதற்கு 26 ஆங்கில எழுத்துகளையும் குலுக்கி, குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துப்படி வரிசைப்படுத்தினார்கள். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு, விசா படிவத்தில் எது கடைசிப் பெயர் என்று முழிக்கும் நம்ம ஆட்கள் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

சரி, இந்தக் கதையில் எனக்கு இப்போது ஒரு சங்கடம் இருக்கிறது. புள்ளியியல் பாடப் புத்தகங்கள் எல்லாம் இந்தக் கிண்ணத்தைப் பற்றியே பேசுகின்றன. நானும் அதையே செய்தேன். கணக்கில் பிடிபடும் பிழை என்பதால் நமக்கு அது இனிக்கிறது. டிசம்பரில் பிறந்தவனுக்கு அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் டிசம்பரில் பிறந்து கல்லூரி ஒத்திவைப்பு வைத்திருந்தவனை, ஒத்திவைப்பு இருக்கும்வரை, எந்த எண் வந்தாலும் கூப்பிடவில்லை. கிண்ணத்துக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருந்தது. அந்த வடிகட்டியைத்தான் மார்ஷல் குழு 1967-லேயே எடுக்கச் சொன்னது. மொத்தக் கணக்கைப் பாருங்கள்: வியட்நாம் காலத்தில் அந்த வயது வரம்பில் இருந்த ஆண்கள் சுமார் 2 கோடியே 68 லட்சம். கட்டாயத்தில் எடுக்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். ராணுவப் பக்கமே போகாதவர்கள் கிட்டத்தட்ட 1 கோடியே 60 லட்சம். பத்தில் ஆறு பேர் வீட்டில் இருக்க முடிகிற ஒரு ஏற்பாட்டில், யார் அந்த ஆறு பேர் என்பதை முடிவுசெய்வதுதான் உண்மையான அதிகாரம். கிண்ணம் அதில் ஒரு சின்னப் பகுதி.

இந்த இடத்தில் கேட்ஸ் அறிக்கை வந்து, இவ்வளவு கஷ்டம் எதற்கு, கட்டாயத்தையே எடுத்துவிடு என்கிறது. கேட்ஸ் ஐசனோவர் காலத்துப் பாதுகாப்பு அமைச்சர். மில்டன் ஃப்ரீட்மன், ஆலன் கிரீன்ஸ்பன் போன்ற பொருளாதார நிபுணர்கள் குழுவில் இருந்தார்கள். அறிக்கையின் மையமான வாதம் அபாரமானது, இன்றைக்கும் பதில் சொல்வது கடினம். கட்டாயமாக எடுத்த சிப்பாய்க்குக் குறைந்த சம்பளம் கொடுக்கிறீர்கள். வெளியே அவன் சம்பாதித்திருக்கக்கூடியதற்கும் நீங்கள் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே போகிறது? வரி செலுத்துகிற மற்ற எல்லோருடைய பாக்கெட்டிலும் மிச்சமாகிறது. அதாவது நாட்டின் பாதுகாப்புச் செலவின் ஒரு பங்கை 19 வயதுப் பையன் தலையில் மறைமுக வரியாகப் போடுகிறீர்கள், அவன் உயிருக்குள்ள ஆபத்தையும் சேர்த்து. பட்ஜெட்டில் ராணுவம் மலிவாகத் தெரியும். மலிவு இல்லை, பில் வேறு ஒருவன் வீட்டுக்குப் போகிறது. எனவே முதல் இரண்டு வருஷ வீரர்களின் சராசரி அடிப்படைச் சம்பளத்தை மாதம் 180 டாலரிலிருந்து 315 ஆக்கு, வேண்டிய ஆள் தானாக வருவான் என்றது குழு. 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிந்தது. ஆட்கள் வந்தார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் ஆட்சேபம், அப்போ ஏழைதான் போவான் என்பது. எனக்கு இதில் பாதி உடன்பாடு. வயிற்றுக்காகப் படையில் சேர்வது நமக்குத் தெரியாத விஷயமா என்ன. இரண்டாம் உலகப் போரில் சேர்ந்த 25 லட்சம் இந்தியர்களும் சட்டப்படி தன்னார்வலர்கள்தான். ஆனால் கட்டாயம் இருந்தபோதும் போனவன் பெரும்பாலும் வசதியில்லாதவன்தானே, அதுவும் குறைந்த கூலிக்கு? ஏழை போவது அநியாயம் என்றால் அவனுக்குக் குறைவாகக் கொடுத்து அனுப்புவது கூடுதல் அநியாயம். இந்த இடத்தில் கேட்ஸ் பக்கம்தான் நான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. எல்லோர் வீட்டுப் பிள்ளையும் போகும் என்றால் ஆட்சியாளர்கள் சுலபமாகப் போர் தொடுக்க மாட்டார்கள் என்பது. கொரியப் போரில் சண்டை போட்ட நியூயார்க் உறுப்பினர் சார்லஸ் ரேங்கல் இராக் போருக்கு முன்பு, 2003-ல், இந்தக் காரணத்தைச் சொல்லியே கட்டாய சேவை மசோதா கொண்டுவந்தார். 2004 அக்டோபரில் அது 402-க்கு 2 என்று தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ரேங்கலும் ஒருவர். விவாதமே நடத்தாமல் அவசரமாக ஓட்டெடுப்பு நடத்தினார்கள் என்று அவருக்குக் கோபம்.

ரேங்கலின் வாதம் மனசுக்குப் பிடிக்கிறது. ஆனால் சரித்திரம் ஒத்துழைக்க மறுக்கிறது. 1965 ஜூலையில் ஜான்சன் வியட்நாமுக்குக் கூடுதல் படை அனுப்பியபோது ரிசர்வ் படையைக் கூப்பிடவில்லை. அதைக் கூப்பிட்டால் ஊரெல்லாம் பேச்சாகும், பாராளுமன்றத்தில் கேள்வி வரும். அதற்குப் பதிலாக மாதாந்திரக் கட்டாய ஆள்சேர்ப்பை 17,000-லிருந்து 35,000 ஆக்கினார். குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்த மாதிரி. கட்டாயம் அந்தப் போருக்குத் தடையாக இல்லை, எரிபொருளாக இருந்தது. மக்கள் எதிர்ப்பு பிறகு வந்தது, அதற்குள் எத்தனையோ சவப்பெட்டிகளும். மறுபக்கம், தன்னார்வப் படையை வைத்துக்கொண்டு ஆப்கானிஸ்தானில் 20 வருஷம் இருந்தார்கள் என்பதையும் கேட்ஸ் அறிக்கையின் ரசிகர்கள் விழுங்கித்தான் ஆக வேண்டும். செலவு கண்ணுக்குத் தெரிந்தால் அரசு யோசிக்கும் என்று அந்த அறிக்கை நம்பியது. கடன் வாங்கிச் செலவு செய்ய முடிகிற அரசுக்கு எதுவும் அவ்வளவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

எல்லோரையும் எடுத்துவிட்டால் மார்ஷலின் கேள்வியே எழாது இல்லையா? சிங்கப்பூர் அப்படித்தான் செய்கிறது, 1967-லிருந்து. இரண்டு வருஷம் முழுநேரச் சேவை, பிறகு வருஷக்கணக்கில் ரிசர்வ். அங்கே பி.ஆர். வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு இல்லை, அப்பா மூலமாக பி.ஆர். ஆன பையனுக்கு உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் பையனுக்கு பி.ஆர். எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷம் யோசித்தார். அங்கேயும் 'எல்லோரும்' என்றால் ஆண்கள்தான். ஆனாலும் மந்திரி வீட்டுப் பையனும் டாக்ஸி டிரைவர் வீட்டுப் பையனும் போக வேண்டும் என்ற அளவில் நேர்மையான ஏற்பாடு. சின்ன நாட்டில் நடக்கும். வருஷத்துக்கு இருபது லட்சம் பையன்களுக்கு 18 வயதாகிற அமெரிக்காவில், அத்தனை பேரையும் எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே எப்போது கட்டாயம் வந்தாலும் அது சிலரை மட்டும் எடுப்பதாகத்தான் இருக்கும். மார்ஷலின் கேள்வி திரும்ப வந்துவிடும்.

இப்போது அந்த ஓட்டை. கேட்ஸ் குழு கட்டாயத்தை முழுசாக மூடவில்லை. அவசரம் வந்தால் பாராளுமன்றத் தீர்மானத்தால் உயிர்ப்பிக்கக்கூடிய ஒரு காத்திருப்பு ஏற்பாட்டை வைத்துக்கொள்ளச் சொன்னது. அறிக்கையின் மற்ற பகுதிகளில் இருக்கும் கூர்மை இங்கே இல்லை. உயிர்ப்பித்தால் யாரை எடுப்பது? குறைந்த சம்பளத்துக்கா, சந்தைச் சம்பளத்துக்கா? அவ்வளவு பக்கம் பேசிய மறைமுக வரி அப்போது யார் தலையில்? கட்டாயம் வரி என்றால், காத்திருப்புக் கட்டாயம் என்பது தேதி போடாத காசோலை. அதில் பையனிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பெண்களைப் பற்றியும் அந்த அறிக்கை அநேகமாகப் பேசவே இல்லை. தன்னார்வப் படை பிழைத்ததற்குப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தது ஒரு முக்கியக் காரணம் என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன விடுபடல் இல்லை.

பதிவு 1975-ல் நிறுத்தப்பட்டது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதும் 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் மறுபடி தொடங்குவதாக அறிவித்தார். சுவாரஸ்யம் என்னவென்றால், அதற்கு ஒரு வாரம் முன்பு செலக்டிவ் சர்வீஸே தயாரித்த வரைவு அறிக்கை, அமைதிக் காலப் பதிவு அவசியமே இல்லை, போர் வந்தபிறகு பதிந்தால் போதும் என்று சொல்லியிருந்தது. அப்போதைய இயக்குநர் பெர்னார்ட் ராஸ்ட்கர். ஆண்களை மட்டும் பதிவது சரியா என்ற வழக்கு இவர் பெயரில்தான் உச்ச நீதிமன்றம் போய், 1981-ல் 6-க்கு 3 என்று சரி என்றானது. அதே ராஸ்ட்கர் 2019-ல் ஒரு தேசியக் குழு முன் சாட்சியம் சொல்லும்போது, இந்தப் பதிவேட்டால் பிரயோஜனம் இல்லை, இதைக் கைவிடலாம் என்றார். காரணம் எளிமை: விலாசங்கள் பழசு. சட்டப்படி விலாசம் மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 18-க்கும் 25-க்கும் நடுவில் ஒரு பையன் எத்தனை வீடு, விடுதி, ஊர் மாறுவான்? தகவல் தளம் பராமரிக்கிற எவருக்கும் இது புரியும். அப்டேட் பண்ண யாருக்கும் காரணமில்லாத பதிவு ஒரு வருஷத்தில் குப்பை.

அந்தக் குழு ராஸ்ட்கர் பேச்சைக் கேட்கவில்லை. பதிவு இருக்கட்டும், பெண்களையும் சேர்க்கலாம் என்று 2020-ல் பரிந்துரைத்தது. 2024 ஜூனில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய பாதுகாப்பு மசோதாவில், படிவமே வேண்டாம், அரசிடம் உள்ள மற்ற பதிவுகளிலிருந்து தானாகவே பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தது. என்ஜினியராக எனக்கு இது நல்ல தீர்வு மாதிரித்தான் முதலில் பட்டது. பிறகு உறைத்தது: பையன் தன் கையால் பெயரை எழுதும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இது என்ன, எதற்கு என்று கேட்கிறான். சின்னவன் கேட்ட மாதிரி. தானாகப் பதிந்தால் அந்தக் கேள்வி யாருடைய சாப்பாட்டு மேசைக்கும் வராது. படிவத்தில் இருக்கிற ஒரே நல்ல அம்சத்தைத்தான் அது எடுத்துவிடும்.

ஆக என் அபிப்பிராயத்தில் அக்காவும் சரி, அத்தானும் சரி. இன்றைக்கு அது சும்மா ஒரு ஃபார்ம். சட்டம் மாறாமல் யாரும் அவனைக் கூப்பிட முடியாது. ஆனால் சட்டம் மாறினால், யாரை விடுவது என்ற வடிகட்டியை அப்போது பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் போடுவார்கள், 1967-ல் போட்ட மாதிரி. கட்டாய ராணுவ சேவை வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டாம் என்றால் பதிவேட்டையும் மூடுவதுதான் முறை. தேவை வரும் என்று நிஜமாகவே நம்பினால் யாரை, எப்படி, என்ன சம்பளத்துக்கு என்று இப்போதே சண்டை போட்டு முடிவு செய்யட்டும்.

இதையெல்லாம் சனிக்கிழமை ராத்திரி போனில் சின்னவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்போ போடணுமா, வேண்டாமா மாமா?" என்றான். போடு என்றேன். அண்ணன் க்ரீன் கார்டு இல்லாமல் நிற்கிற வீட்டில் இன்னொருத்தனும் குடியுரிமையில் சிக்கல் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது. கொள்கை வேறு, அக்கா பையன் வேறு.

ஆன்லைனில் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டான். ஆகஸ்டில் காலேஜ் ஹாஸ்டலுக்கு மாறினான். செப்டம்பரில் பேசும்போது, செலக்டிவ் சர்வீஸில் விலாசம் மாத்தினியா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யார் மாமா பண்ணுவாங்க?"